பதின்மூன்று மாத நாட்டில் ஐந்து வருஷம்

(நம் பங்கின் பொன்விழாவையொட்டிக் குடும்ப நாளன்று வாசிக்கப்பட்ட உரை)



எங்கள் இருவரில் ஒருவருக்கு எழுதினால் கை நடுங்குகிறது. மற்றவருக்குப் பேசினால் மூச்சு வாங்குகிறது. ஆகையால் ஒருவர் எழுதியதை ஒருவர் வாசிப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். தப்பு ஏதும் இருந்தால் இருவர் தலையிலும் பாதிப்பாதியாகப் போட்டுவிடுங்கள்.

"வெளிநாட்டில் வாத்தியார் வேலை பார்த்த குடும்பம் நம் பங்கில் நீங்கள்தானே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்று சாமி கேட்டுக்கொண்டார். வெளிநாடு என்றதும் இப்போதுள்ள இளைஞர்கள் துபாயையும் அமெரிக்காவையும் நினைப்பார்கள். நாங்கள் போனது எதியோப்பியா. 1972-ம் வருஷம் ஆகஸ்டில் போய், 1977 ஜூலையில் திரும்பினோம். அந்தக் காலத்தில் அந்த நாட்டு அரசாங்கம் தன் உயர்நிலைப் பள்ளிகளுக்கு இந்தியாவிலிருந்து ஆசிரியர்களை ஒப்பந்தத்தில் அழைத்துக்கொண்டிருந்தது. போனவர்களில் பெரும்பாலோர் மலையாளத்துக் கிறிஸ்தவர்கள். தமிழ்நாட்டிலிருந்தும் பலர் உண்டு. எங்களில் ஒருவர் கணக்கு, ஒருவர் உயிரியல். மூத்தவளுக்கு அப்போது மூன்று வயது. ஓசூரிலிருந்து பெங்களூர், பெங்களூரிலிருந்து ரயிலில் பம்பாய், அங்கிருந்து விமானம். அதற்கு முன் எங்களில் யாரும் விமானத்தை நிமிர்ந்து பார்த்ததோடு சரி.

எங்களுக்குக் கிடைத்த ஊர் பாகிர்தார். கோஜாம் என்ற பகுதியில், தானா ஏரிக்கரையில் இருக்கிறது. நீல நைல் நதி அந்த ஏரியிலிருந்துதான் புறப்படுகிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,800 மீட்டர். நம் ஓசூரைப் போல் இரண்டு மடங்கு உயரம். ஆகவே குளிர் எங்களைப் பயமுறுத்தவில்லை. பயமுறுத்தியது கடிகாரம்.

போய்ச் சேர்ந்த வாரமே ஆசிரியர் கூட்டம் என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்று மணிக்கு என்றார்கள். மதியம் சாப்பிட்டு, பிள்ளையைத் தூங்கவைத்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மூன்று மணிக்குப் போனால் பள்ளிக்கூடத்தில் காவலாளியைத் தவிர ஒருவரும் இல்லை. கூட்டம் காலை ஒன்பது மணிக்கே முடிந்துவிட்டது. அந்த நாட்டில் பொழுது விடிவதிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். நமக்குக் காலை ஏழு மணி என்றால் அவர்களுக்கு ஒரு மணி. நமக்கு ஒன்பது என்றால் அவர்களுக்கு மூன்று. யோசித்துப் பார்த்தால் நம் தாத்தாமார் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணினது போலத்தான். ஆனால் முதல் கூட்டத்துக்கே வராத இந்திய வாத்தியார் என்ற பெயர் எங்களுக்கு ஒரு வருஷம் ஒட்டிக்கொண்டிருந்தது.

நாட்காட்டியும் வேறு. முப்பது நாள் கொண்ட பன்னிரண்டு மாதம். அதற்குப் பிறகு ஐந்து நாள், நாலு வருஷத்துக்கொரு முறை ஆறு நாள், அதைப் பதின்மூன்றாம் மாதமாக வைத்திருக்கிறார்கள். புது வருஷம் நம் செப்டம்பர் 11-ல் பிறக்கும். வருஷக் கணக்கிலும் நமக்கு ஏழெட்டு வருஷம் பின்னால் வருகிறார்கள். 1972-ல் புறப்பட்ட நாங்கள் 1964-ல் போய் இறங்கினோம் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வோம். பதின்மூன்றாம் மாதத்துக்குச் சம்பளம் மட்டும் கிடையாது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் தாய்மார்கள் விடமாட்டார்கள். அங்கே தேஃப் என்று ஒரு தானியம். கடுகை விடச் சிறியது. அதை மாவாக்கிக் கரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, பெரிய மண் கல்லில் ஊற்றி எடுப்பார்கள். இஞ்சிரா என்று பெயர். நம் தோசையை நாலு மடங்கு அகலமாக்கி, திருப்பிப் போடாமல் விட்டால் எப்படியோ அப்படி. அதன்மேல் பருப்பு, கீரை, கறி எல்லாவற்றையும் குவித்து, வீட்டார் அத்தனை பேரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். விருந்தாளி வந்தால் வீட்டுக்காரி தன் கையால் ஒரு கவளம் உருட்டி அவர் வாயிலேயே ஊட்டுவாள். முதல்முறை எங்களில் கணக்கு வாத்தியாருக்கு அப்படி ஊட்டியபோது அவர் வெட்கப்பட்டதை மூத்தவள் இன்றும் நடித்துக் காட்டுகிறாள்.

புதன், வெள்ளி இரு நாளும், தவக்காலம் 55 நாளும், இன்னும் பல நாட்களும் அங்கே ஒறுத்தல். கறி, முட்டை, பால், வெண்ணெய் ஒன்றும் தொடமாட்டார்கள். நாங்கள் சாதாரணமாகவே பருப்பும் கீரையுமாய்ச் சாப்பிடுவதைப் பார்த்து, இந்த இந்தியர்கள் வருஷம் முழுக்க ஒறுத்தல் இருக்கிற புண்ணியவான்கள் என்று தெருவில் பேச்சாகிவிட்டது. நாங்களும் மறுத்துச் சொல்லவில்லை.

ஒரு காரியத்தை மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். மழை ஓய்ந்த அக்டோபர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஊருக்கு வெளியே நடந்து போனோம். வயலில் கேழ்வரகு நின்றது. சந்தேகமே இல்லை, நம் கேழ்வரகு, அதே விரல் விரித்த கதிர். பக்கத்து வயலில் மஞ்சள் பூத்துக் கிடந்தது. எங்களில் உயிரியல் டீச்சர் கிட்டப் போய்ப் பூவைக் கிள்ளிப் பார்த்து, "ஏங்க, இது நம்ம பேயெள்ளுங்க!" என்று கத்திவிட்டார். கன்னடக்காரர் உச்செள்ளு என்பார்களே, அதே பயிர்தான். தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலும் தளிப் பக்கத்திலும் ராகிக் காட்டில் சால் விட்டு விதைப்பதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, ஆப்பிரிக்காவில் அந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது கால் நகரவில்லை. இவை நம் ஊரிலிருந்து இங்கே எப்படி வந்தன என்று வியந்தோம். பிறகு புத்தகங்களைப் பார்த்தால் கதை தலைகீழ். கேழ்வரகின் பூர்வீகம் எதியோப்பியா, உகாண்டா மேட்டுநிலங்கள். பேயெள்ளின் பூர்வீகமும் எதியோப்பியாவேதான். இரண்டும் பழங்காலத்திலேயே கடல் தாண்டி நம்மிடம் வந்தவை. பிற்காலத்தில் நம் பையூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பேயெள் ரகத்துக்கும் மூதாதை அங்கேதான். சிக்மகளூர் காப்பியும் அப்படியே. எதியோப்பியாவில் பிறந்து ஏமன் வழியாக பாபா புடன் மலைக்கு வந்த சரக்கு. காலையில் காப்பியும் ராத்திரியில் களியும் சாப்பிட்டு வளர்ந்த கிருஷ்ணகிரிக்காரன் பாதி எதியோப்பியன் என்று சொன்னால் தப்பில்லை.

கேழ்வரகை அங்கே தகுசா என்பார்கள். உற்சாகமாக வாங்கிவந்து திரித்துக் களி கிண்டினோம். பக்கத்து வீட்டம்மா வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த ஊரில் தகுசாவைப் பெரும்பாலும் வீட்டுச் சாராயத்துக்கும் தெல்லா என்ற கள்ளுக்கும் போடுவார்களாம். ஏழைகள் இஞ்சிராவில் கலப்பார்களாம். சாராயத் தானியத்தைப் பச்சைப் பிள்ளைக்கு உருண்டை பிடித்துக் கொடுக்கிறாளே இந்த இந்தியக்காரி என்று அன்று மாலைக்குள் தெருவெல்லாம் செய்தி.

அந்தப் பக்கத்து வீட்டம்மாவை எல்லோரையும் போல நாங்களும் எமாமா என்றே அழைத்தோம். வயதான தாயாரை மரியாதையாக அழைக்கும் சொல் அது. நாம் ஆயா என்கிற மாதிரி. எழுதப் படிக்கத் தெரியாதவர். எங்களுக்கு அம்காரிக் மொழி கற்பித்தது அவரும் எங்கள் மகளுமே. எழுத்தைப் பொறுத்தவரை எங்களுக்குக் கஷ்டமில்லை. 33 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏழு வடிவம், ஆக 231. க, கா, கி, கீ என்று உயிர்மெய் படித்தவர்களுக்கு அது ஒரு மாதப் பாடம். சொற்கள்தான் தொண்டையில் மாட்டின. தெருப் பிள்ளைகள் எங்களைக் கண்டதும் "இந்தி, இந்தி" என்று கூவி, இந்தி சினிமாப் பாட்டைப் பாடிக்கொண்டே பின்னால் வருவார்கள். அங்கே இந்திப் படங்களுக்கு அத்தனை மதிப்பு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தெரிந்த ஓசூர்க்காரர்கள் நாங்கள், அந்தப் பாட்டில் ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாமல் விழித்தோம்.

எங்கள் இளையவன் அங்கேதான் பிறந்தான். 1973 நவம்பர் 21. அவர்கள் கணக்கில் ஹிதார் மாதம் 12, 1966. அதிதூதர் மிக்கேல் திருநாள். அன்றைக்குக் குப்பையைக் குவித்து எரிக்கிற வழக்கம் அந்த நாட்டில் உண்டு. 1918-ல் விஷக்காய்ச்சல் வந்து ஜனங்கள் மடிந்ததன் ஞாபகமாகச் செய்கிறார்கள். நமக்குப் போகி நினைவு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் எமாமாவும் தெருப் பெண்களும் கூட்டமாக வந்து வாசலிலேயே நின்று ஒரே குரலாக, "எங்குவான் மாரியாம் மாரெச்சிஷ்" என்றார்கள். மரியாள் உன்மேல் இரங்கினாளே, சந்தோஷம் என்று பொருள். பிறகு ஒரு பாத்திரத்தைத் திறந்தார்கள். உள்ளே வாற்கோதுமை மாவில் கிண்டிய கெட்டிக் களி. நடுவில் குழி செய்து மசாலா போட்டு உருக்கிய நெய். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் கென்ஃபோ அது. அம்மா பக்கத்தில் இல்லையே என்று அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகையெல்லாம் அந்தக் களியைப் பார்த்ததும் வந்துவிட்டது என்று எங்களில் ஒருவர் இங்கே எழுதச் சொல்கிறார்.

அந்த ஊரில் நமக்குக் கோயில் இல்லை. அவர்கள் பழமையான ஆர்த்தடாக்ஸ் சபையார். திருப்பலி காண வேண்டுமானால் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், நைல் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறி, அடிஸ் அபாபாவுக்குப் போக வேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறை போனால் அதிகம். மற்ற ஞாயிறுகளில் மலையாளக் குடும்பங்களோடு சேர்ந்து யார் வீட்டிலாவது செபமாலை. பிள்ளைகளுக்கு மட்டும் கொண்டாட்டம். டிசம்பர் 25-ல் ஒரு கிறிஸ்துமஸ், ஜனவரி 7-ல் ஊரோடு இன்னொன்று. திருச்சிலுவை விழா நமக்குச் செப்டம்பர் 14 என்றால் அவர்களுக்கு 27. முதல்நாளே பெரிய சொக்கப்பனை கொளுத்துவார்கள். ஜனவரி 19-ல் ஆண்டவரின் ஞானஸ்நானத் திருநாள். கோயிலின் திருப்பேழைப் பலகைகளைப் பட்டுத் துணியில் மூடித் தலையில் சுமந்து நீர்நிலைக்குக் கொண்டுபோய், இரவெல்லாம் கொட்டும் பாட்டுமாய் விழித்திருப்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போவதும், ஆணும் பெண்ணும் தனித்தனியே நிற்பதும், பெண்கள் வெள்ளை முக்காடு போடுவதும் எங்கள் சிறுவயது ஊர்க்கோயிலை நினைவுபடுத்தின. இப்போது அங்கே கத்தோலிக்கருக்கும் பாகிர்தார்–தெஸ்ஸே என்று மறைமாவட்டமே உண்டு, 2015-ல் ஏற்படுத்தினார்கள். நம் தருமபுரி மறைமாவட்டத்துக்கு 18 வருஷம் இளையது.

பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பிலிருந்து எல்லாப் பாடமும் ஆங்கிலம். தூரத்துக் கிராமப் பிள்ளைகள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு மண்ணறையை வாடகைக்கு எடுத்துத் தங்கிப் படித்தார்கள். சனிக்கிழமை வீட்டுக்கு நடந்து போய், ஒரு வாரத்துக்கான இஞ்சிராவைக் கட்டிக்கொண்டு வருவார்கள். வியாழன், வெள்ளியில் அது காய்ந்து அப்பளமாகிவிடும். அதையும் நனைத்துத் தின்றுவிட்டுக் கணக்குப் போடுவார்கள். அப்படிப் படிக்கிற பிள்ளைகளை நாங்கள் அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை.

1974 வந்தது. பிப்ரவரியில் அந்நாட்டு ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒப்பந்தக்காரர்களாகிய நாங்கள் கேட்டுக்கு உள்ளேயும் அவர்கள் வெளியேயும் நின்றோம். நேற்றுவரை ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அதைப் பற்றி ஒருவரும் எங்களைக் குறை சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. செப்டம்பர் 12-ல் ஹைலே செலாசி சக்கரவர்த்தியை ராணுவத்தார் பதவியிலிருந்து இறக்கினார்கள். அவர்கள் கணக்கில் 1967-ம் வருஷம் பிறந்து இரண்டாம் நாள். டிசம்பரில் புது அரசாங்கம் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் கல்லூரி மாணவர்களையும் கிராமங்களுக்கு அனுப்பும் இயக்கத்தைத் தொடங்கியது. அறுபதினாயிரம் பேர் என்றார்கள். கிணறு வெட்டவும், எழுத்தறிவிக்கவும், 1975 மார்ச்சில் நிலச் சட்டம் வந்தபின் உழுகிறவனுக்கு நிலத்தைப் பிரித்துக் கொடுக்கவும் போனார்கள். பாதிப் பிள்ளைகள் பாடிக்கொண்டு போனார்கள். மீதிப் பேர் வேறு வழியில்லாமல் போனார்கள். மேல் வகுப்புகள் இரண்டு வருஷம் நடக்கவில்லை. நாங்கள் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளை வைத்துக்கொண்டு காலம் தள்ளினோம்.

1975 ஏப்ரலில் ஒரு நாள் விடியற்காலை, இன்னும் இருட்டு விலகவில்லை, கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் தெருவே நிற்கிறது. எமாமா, அவர் மகள்கள், பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், எழுத்தர், காவலாளி, எல்லோரும் வெள்ளைப் போர்வை போர்த்தி நிற்கிறார்கள். ஒருவரும் பேசவில்லை. உள்ளே வந்து எங்களை உட்காரவைத்து, இருபுறமும் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள். அதன்பிறகே தலைமையாசிரியர் தந்தியை எடுத்தார். எங்களில் ஒருவருடைய தகப்பனார் இறந்துபோய் நாலு நாள் ஆகியிருந்தது. இங்கே அடக்கமும் முடிந்துவிட்டது.

தந்தி முந்தின நாள் சாயங்காலமே பள்ளிக்கூடத்துத் தபால்பெட்டிக்கு வந்துவிட்டதாம். அவர்கள் வழக்கப்படி சாவுச் செய்தியை ஒருவனிடம் ராத்திரியில் சொல்லக்கூடாது. தனியாக இருக்கையில் சொல்லக்கூடாது. உற்றார் உறவினரைக் கூட்டி, விடிகாலையில் எல்லோரும் சூழ இருக்கும்போதுதான் சொல்ல வேண்டும். எங்களுக்கு அங்கே உறவினர் இல்லாதபடியால், ராத்திரியோடு ராத்திரியாக வீடு வீடாய்ப் போய் உறவினரைச் சேர்த்திருக்கிறார்கள். மூன்று நாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சாவுக்கென்று அங்கே தெருவுக்குத் தெரு சங்கம் உண்டு, இத்ர் என்பார்கள். நாங்கள் சந்தா கட்டினவர்கள் அல்ல. ஆனாலும் அதன் பாத்திரங்களும் பெஞ்சுகளும் எங்கள் முற்றத்துக்கு வந்தன. ஓசூரைப் பெயரால்கூட அறியாதவர்கள், எங்கள் அப்பாவின் முகத்தைப் பார்த்திராதவர்கள், வந்து உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார்கள்.

இனிச் சொல்லப்போவதை எங்கள் பிள்ளைகளுக்கே வெகுகாலம் சொல்லவில்லை. எழுதுவதா வேண்டாமா என்று எங்களுக்குள் இரண்டு நாள் தர்க்கம் நடந்தது.

1976 செப்டம்பரில் மேல் வகுப்புப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். போனபோது இருந்த பிள்ளைகள் அல்ல. அரசாங்கத்துக்கு ஆதரவாகச் சிலர், எதிராகப் பலர். மறுவருஷம் நாடு முழுவதும் செம்பயங்கரம் என்று பெயர் சொல்லியே கொலைகள் நடந்தன. சாகடிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் படித்த இளம்பிள்ளைகள். வீடு வீடாகச் சோதனை. ஒரு துண்டுப் பிரசுரம் கிடைத்தால் போதும்.

மே மாதத்தில் ஒரு நாள் இரவு எட்டு மணி இருக்கும், பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வந்தான். சனிக்கிழமை தோறும் நடந்து போய் இஞ்சிரா கொண்டு வருகிறவர்களில் ஒருவன், கணக்கில் கெட்டிக்காரன், எங்கள் இளையவனைத் தோளில் வைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகிறவன். கையில் ஒரு சாக்குக் கட்டு. "புத்தகங்கள், டீச்சர். இரண்டே இரவு வைத்திருங்கள். இந்தியர் வீட்டை ஆழமாகத் தேடமாட்டார்கள்" என்றான்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். உள்ளே இரண்டு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. அரசியலில் தலையிடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தோம். ஊருக்குத் திரும்ப இரண்டு மாதமே பாக்கி. முடியாது தம்பி என்று சொல்லிவிட்டோம். அவன் வற்புறுத்தவில்லை. "இஷி" என்றான். சரி என்று அர்த்தம். கட்டைத் தூக்கிக்கொண்டு பின்வழியாகப் போனான்.

இரண்டாம் நாள் எங்கள் தெருவில் சோதனை நடந்தது. அவன் சொன்னபடியே எங்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவன் வகுப்புக்கு வரவில்லை. அவன் அறையில் இருந்த பையன்களும் வரவில்லை. யாரிடம் விசாரிப்பது? விசாரித்தால் அதுவே ஆபத்து. எமாமாவுக்குத் தெரிந்திருந்ததா என்பதை நாங்கள் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. ஒரு வாரம் எங்கள் பக்கம் வராதவர், ஒரு நாள் காப்பித் தட்டோடு வந்தார். அங்கே காப்பி என்றால் பச்சைக்கொட்டையை நம் முன்னாலேயே வறுத்து, இடித்து, மூன்று முறை இறக்கித் தருவது. ஒரு மணி நேரம் ஆகும். மூன்று சுற்றும் பேசாமல் இருந்து குடித்தோம்.

ஜூலையில் புறப்பட்டோம். எமாமா இளையவனுக்கு வழியில் கிண்டிக் கொடுக்க என்று ஒரு பை தகுசா மாவு தந்தார். அதை ஓசூர் வரை கொண்டுவந்தோம். எங்கள் அம்மா பையைத் திறந்து முகர்ந்து, "இது நம்ம ராகி மாவுதானே, இதையா அவ்வளவு தூரத்திலிருந்து தூக்கி வந்தீர்கள்?" என்று கேட்டார். மூத்தவள் பாட்டி எதைச் சொன்னாலும் "இஷி, இஷி" என்றாள். இளையவனைப் பள்ளியில் சேர்க்கப் போனால், பிறப்புச் சான்றிதழில் 1966 என்று இருக்கிறதைப் பார்த்து, பன்னிரண்டு வயதுப் பையனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க முடியாது என்று எழுத்தர் சாதித்தார். அந்தப் பையன் அப்போது அவர் மேசைக்கு எட்டாமல் நின்றுகொண்டிருந்தான்.

எமாமாவுக்கு மூன்று கடிதம் போட்டோம், பள்ளிக்கூடத்து முகவரிக்கு. பதில் இல்லை. பிற்காலத்தில் பெங்களூரில் படிக்க வந்த எதியோப்பிய மாணவர்களை எங்கே கண்டாலும் நிறுத்திப் பேசுவோம். என் அப்பாவுக்கும் இந்தியர்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்தாராம் என்று சந்தோஷப்படுவார்கள். எந்த ஊர் என்று கேட்போம். பாகிர்தார் என்று ஒருவரும் சொன்னதில்லை. 2023-ல் அந்தப் பக்கம் மறுபடி சண்டை என்று செய்தியில் பார்த்தபோது இருவருக்கும் தூக்கம் வரவில்லை.

நம் பங்கு தனிப் பங்கான செய்தி எங்களுக்கு அங்கேதான் கடிதத்தில் வந்தது. திரும்பி வந்தபோது ஊரே மாறத் தொடங்கியிருந்தது. சிப்காட் வந்துவிட்டது, 1980-ல் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும், பிறகு டைட்டனும் வந்தன. திருநெல்வேலியிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்களால்தான் நம் கோயில் நிறைந்தது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள். அன்று இந்த ஊர் வாடகை வீட்டுக்காக அலைந்த கதையை எங்களிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

இப்போது ஞாயிறு இரண்டாம் பூசையில் கடைசி பெஞ்சுகளில் பத்துப் பதினைந்து பெண்பிள்ளைகள் உட்காருகிறார்களே, அவர்கள் ஜார்க்கண்ட் மாநிலத்திலிருந்து செல்போன் பாகம் செய்யும் தொழிற்சாலைக்கு வந்தவர்கள். ஆதிவாசிக் கத்தோலிக்கர், தலைமுறை தலைமுறையாக வேதத்தில் இருப்பவர்கள். பூசை முடிந்ததும் விடுதிப் பஸ்ஸுக்காக வாசலில் நிற்பார்கள். நாமும் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். போன மாதம் அவர்களில் மூன்று பேரை வீட்டுக்கு அழைத்தோம். ஐந்து வருஷம் தெருப்பிள்ளைகள் இந்தியில் பாடியும் கற்றுக்கொள்ளாத நாங்கள், இந்த வயதில் இளையவனிடம் கேட்டு நாலு வார்த்தை எழுதி வைத்திருந்தோம். அது தேவைப்படவில்லை. ஒரு பெண் நேராக அடுப்படிக்கு வந்து, நாங்கள் கிண்டிக்கொண்டிருந்த பாத்திரத்தை எட்டிப் பார்த்து, "மடுவா!" என்றாள். அவர்கள் ஊரில் கேழ்வரகுக்கு அதுதான் பெயராம். பேயெள்ளையும் காட்டினோம், அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், சுர்குஜா.

அவர்களில் ஒருத்திக்கு வீட்டிலிருந்து ஏதும் செய்தி வந்தால் விடுதியில் யார் அவள் பக்கத்தில் உட்காருவார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆகையால் எங்கள் வீட்டு எண்ணை அவர்களிடமும் பங்கு அலுவலகத்திலும் கொடுத்து வைத்திருக்கிறோம். வருகிற ஞாயிறு மறுபடி வருகிறார்கள். இந்த முறை ஒன்பது பேர். எங்கள் வீட்டில் ஆறு தட்டுகளே உள்ளன. அடுத்த தெருவில் உள்ளவர்கள் யாராவது மூன்று தட்டும், முடிந்தால் ஒரு பெரிய களிப்பானையும் கொடுத்து உதவினால் சௌகரியமாக இருக்கும். நீங்களும் வரலாம். காப்பி மூன்று சுற்று உண்டு.